குழந்தைக்கு ஓர் உள்ளாடை

தோப்பும்படியில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் துணி உலர்வது அரிது. ஈரம் முற்றும் நீங்காத உள்ளாடையும், அதன் இறுக்கமான எலாஸ்டிக் நாடாவும் சேர்ந்து எங்கள் இரண்டு வயது மகளின் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் தடிப்பை உண்டாக்கின, இரவெல்லாம் அழுதாள். ஊரில் இருந்திருந்தால் என் தாயார் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக் கொடுத்திருப்பார். இங்கே அப்பணியை நானே மேற்கொண்டேன். தையல் பெண்டிர்க்கே உரியதென்று அலுவலக நண்பர் ஒருவர் நகைத்தார். அவருடைய சட்டையைத் தைத்தவர் ஓர் ஆடவரே என்பதை மறந்தார் போலும்!

பலமுறை துவைத்து மென்மையுற்ற பருத்தி வேட்டியே இதற்கு ஏற்றது. வியர்வையை உறிஞ்சும், விரைவில் உலரும். அளவான பழைய உள்ளாடையின் எலாஸ்டிக்கை இழுத்து விரித்துச் செய்தித்தாளின்மீது வரைந்து, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டிக்கொள்ளலாம். கவட்டுப் பகுதிக்கு மட்டும் இரட்டைத் துணி. முடிச்சும் பிசிறும் வெளிப்புறமாக அமையுமாறு தைத்தல் வேண்டும். உள்ளே இருந்தால் மீண்டும் அதே தடிப்புத்தான். நாடாவை மடிப்புக்குள் கோக்குமுன் குழந்தையின் இடுப்பைச் சுற்றி வைத்து, இரு விரல்கள் எளிதில் நுழைகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம்.

ஒரு வேட்டியில் ஆறு தேறின. மழைக்காலத்தில் ஆறு இருந்தால்தான் நன்கு உலர்ந்தது ஒன்றேனும் கைக்கு எட்டுகிறது.