போமோன் அமெல் புல்வெளி

பிரான்ஸ் தேசத்தின் வடபகுதியில் அல்பேர் என்றொரு சிறு பட்டணம் உண்டு. அங்கிருந்து வடக்கே வயல்வெளிகளுக்கூடாகச் சில மைல் தூரம் சென்றால் போமோன் அமெல் என்னும் கிராமத்தை அடையலாம். கிராமத்திற் காண்பதற்கு அதிகமில்லை. அதன் அயலிலுள்ள நினைவுப் பூங்காவைக் காணவே மக்கள் வருகின்றனர். பூங்கா என்றதும் மலர்ப் பாத்திகளை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். அங்கிருப்பது மேடும் பள்ளமுமான புல்வெளி. அப்பள்ளங்கள் 1916ஆம் ஆண்டின் பதுங்கு அகழிகளும் குண்டு விழுந்த குழிகளுமாம். புல்லின் கீழே வெடியாத குண்டுகள் இன்னும் கிடத்தலால், பாதையை விட்டு விலகலாகாது.

பிரித்தானியர் பக்கத்து அகழியில் நின்று பார்த்தால் நிலம் மெல்லச் சரிந்து இறங்குகிறது. சரிவின் அடியிலே ஜெர்மானியரின் அகழி. இடையில் ஒதுங்குவதற்கு எதுவுமில்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேண்டுமா?

ஹிராம் மாக்சிம் 1884இல் இலண்டனில் உருவாக்கிய துப்பாக்கியின் வழிவந்தவையே இரு தரப்பாரும் அப்போரிற் கையாண்ட பெருந் துப்பாக்கிகள். வெடிக்கும்போது பின்னோக்கி உதைக்கும் விசையே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். 250 தோட்டாக்கள் கோத்த துணிப்பட்டி ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குழல் காய்ந்து போகாதிருக்க அதனைச் சுற்றி ஏறக்குறைய நான்கு லீற்றர் தண்ணீர். ஒருவர் சுட, ஒருவர் பட்டியை ஊட்ட, ஏனையோர் தண்ணீரும் தோட்டாவும் சுமக்க, அது ஒரு சிறு குழுவின் வேலை.

ஆயினும் அதன் கொடுமை வேகத்தில் மட்டுமன்று, வைக்கும் இடத்திலுமே உள்ளது. வேலியோரம் வரிசையாய் நிற்கும் பனைகளை நோக்கி எதிரே நின்று கல்லெறிந்தால், அது இடைவெளியூடே போய்விடலாம். வேலியின் முனையில் நின்று எறிந்தால் ஏதேனும் ஒரு மரத்திற் பட்டே தீரும். அதுபோலவே, தேர்ந்த வீரர் துப்பாக்கியை எதிரியின் நேர்முகத்தில் வையாது பக்கவாட்டில் வைப்பர். ஒரே குறியிற் சுடும் தோட்டாக்கள் ஒடுங்கி நீண்ட ஒரு பட்டையாக நிலத்தில் விழுவன. அப்பட்டை முன்னேறும் வரிசையின் நீளத்தோடு பொருந்திவிட்டால், ஒரு துப்பாக்கி பலவற்றின் வேலையைச் செய்துவிடும்.

1916 யூலை 1ஆந் திகதி காலை 7.20க்கு, அருகிலுள்ள ஹோதோர்ன் மேட்டின் கீழே 40,000 இறாத்தல் வெடிமருந்தைப் பிரித்தானியர் வெடிக்கச் செய்தனர். தாக்குதலோ 7.30க்கு. அந்தப் பத்து நிமிடம் எதிரிக்குக் கொடுத்த எச்சரிக்கையாயிற்று. ஆழக் குழிகளிலிருந்த ஜெர்மானியர் துப்பாக்கிகளுடன் மேலே வந்துவிட்டனர்.

முதல் அணிகள் வீழ்ந்தபின், 9.15 மணியளவில் நியூபவுண்ட்லாந்துப் படையினர் புறப்பட்டனர். முன்செல்லும் அகழிகள் இறந்தோராலும் காயமுற்றோராலும் அடைபட்டிருந்தமையால், பின்னணி அகழியிலிருந்தே திறந்த வெளியில் நடந்தனர். தம் பக்கத்து முட்கம்பி வேலியில் வெட்டியிருந்த ஒடுங்கிய வாயில்களூடே அவர்கள் நெருங்கி வர, அவ்வாயில்களையே துப்பாக்கிகள் குறிவைத்தன. சரிவில் நின்ற ஒற்றை மரத்தருகே பலர் மாண்டனர். ஏறக்குறைய 800 பேர் சென்றனர். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது மறுமொழி சொன்னோர் 68 பேர். நியூபவுண்ட்லாந்து மக்கள்தொகை குறைந்த தீவு. துயரம் எட்டாத ஊர் அங்கே அரிது.

1925இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில், பாறைக் குன்றின்மேல் நிற்கும் வெண்கலக் கரிபு மான் ஜெர்மானியரின் அகழியை நோக்குகிறது. வருவோருக்கு விளக்கஞ் சொல்பவர்கள் கனடாவிலிருந்து வரும் மாணவர்கள். மாண்டவர்களிற் பலரின் வயதே அவர்களுக்கும். 1949இல் நியூபவுண்ட்லாந்து கனடாவுடன் இணைந்தது. கனடாவின் தேசிய தினமும் யூலை 1 ஆதலால், அத்தீவில் அன்று காலை கொடி அரைக்கம்பத்திற் பறக்கும். கொண்டாட்டம் நண்பகலுக்குப் பின்னரே.