பசிக்கலக்கா

மாதக் கடைசி ஞாயிறன்று தாம்பரத்தில் பத்துப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். போன முறை டூரியன் சுகேகவாவின் ஜப்பானிய நாவல், ஆங்கிலத்தில் 'ஸ்வீட் பீன் பேஸ்ட்'. சாப்பாட்டுக் கதை, லேசாக இருக்கும் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

எழுபதைக் கடந்த டோகுயே ஒரு சின்னக் கடையில் இனிப்புக்குப் பயறுப் பூரணம் கிண்டுகிறார். ருசிக்குக் கூட்டம் சேர்கிறது. அவருக்குத் தொழுநோய் இருந்தது என்ற பேச்சு பரவியதும் கூட்டம் கரைகிறது. நோய் குணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பூரணமும் அதே பூரணம்தான்.

"மனசுக்கு இதமா இருந்துச்சு," "படிக்கும்போதே பசிச்சுது" என்றார்கள். நோயாளிகளை ஒதுக்கிவைத்த சட்டம் ஜப்பானில் 1996 வரை இருந்ததா என்று ஒருவர் வியந்தார்.

கடைசியாக ஒரு மாணவி பேசினாள்: "எனக்குப் பசிக்கலக்கா. எங்கம்மா சத்துணவுல சமைக்கிறாங்க. எத்தனை பிள்ளைங்க வீட்டுலேருந்து டப்பா கொண்டு வருதுன்னு தினமும் எண்ணுவாங்க."

யாரும் பேசவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடமாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தானது.

டோகுயேவின் நோய்க்காவது மருந்து இருந்தது. அந்தச் சமையலருக்கு நோயே இல்லை.

அந்த மாணவி பேசியிராவிட்டால் நானும் 'இதமான கதை' என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருப்பேன். தோழர்களே, நாவலைப் படியுங்கள். முடித்ததும் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், யார் சமைக்கிறார், யார் சாப்பிடாமல் போகிறார் என்று கேளுங்கள்.