கொஞ்சம் இடம் கொடுங்கள்

மாலை ஆறரை மணிக்கு எழும்பூரில் தாம்பரம் மின்சார ரயிலில் ஏறி, உட்கார இடமும் பிடித்தவன் பாக்கியசாலி. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அந்தப் பாக்கியம் எனக்குக் கிட்டியது. ஆனால் என் நிம்மதி மாம்பலம் வரையில்தான். அங்கே ஒரு பையன் முதுகில் பெரிய கறுப்பு உறையுடன் ஏறினான். இரண்டு பேர் நிற்கக்கூடிய இடத்தை அந்த உறையே அடைத்துக்கொண்டது.

"இதென்ன, ரயிலா, கச்சேரி மேடையா?" என்றார் ஒருவர்.

"இதற்கும் ஒரு டிக்கெட் வாங்கியிருக்கிறாயா, தம்பி?" என்றார் இன்னொருவர். அந்த இன்னொருவர் வேறு யாருமில்லை; அடியேன்தான்.

பையன் திரும்பினான். என் அக்காவின் மகன்!

அந்த வேளையில் அவன் கணக்குப் பரீட்சைக்கான வகுப்பில் அல்லவா இருக்க வேண்டும்? வகுப்புக்கென்று அக்கா கொடுத்த பணம்தான் கிடாராக உருமாறி முதுகில் தொங்குகிறது என்பதைப் பல்லாவரம் தாண்டுவதற்குள் அவனே ஒப்புக்கொண்டான். "மாமா, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கெஞ்சினான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது நான் செய்த முதல் தவறு.

சேலையூரில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு வாத்தியம் உண்டு, அப்பாவின் வீணை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுதான் உலகம். "சிநேகிதனுடைய கிடார்" என்று சொல்லிப் பேரன் அதை உள்ளே கொண்டுவந்ததும், அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் வீணைக்கு உறை போட்டுவிட்டார். அன்று முதல் கிடாருக்கு மொட்டை மாடியே கதி.

அக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "நீ பத்திரிகைக்காரன். நாலு பேருக்குப் புத்தி சொல்லி எழுதுகிறாய். இவனுக்கும் கொஞ்சம் சொல்லேன்" என்றாள்.

மாடிக்குப் போனேன். "நீ யாரைப் போல ஆக வேண்டும் என்று உத்தேசம்?" என்று கேட்டேன்.

"ஜான் மெக்லாக்லின்" என்றான் சட்டென்று.

யார் அந்த மகானுபாவர் என்று விசாரிக்கத் தொடங்கினேன். கலைஞன் வாழ்க்கையின் கஷ்டங்களை எடுத்துச் சொல்லிப் பையனைப் பயமுறுத்துவது என் திட்டம். ஆனால் படிக்கப் படிக்க, பையனை மறந்து, நானே அந்த மனிதரின் கதையில் மூழ்கிவிட்டேன்.

மெக்லாக்லின் 1942-ல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த டான்காஸ்டரில் பிறந்தவர். தாயார் வயலின் வாசிப்பவர். அண்ணன்மாரின் கிடார் இவர் கைக்கு வந்தபோது வயது 11. அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டு, ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ, பிறகு ஜாஸ் என்று ஒவ்வொன்றாக அவரைப் பிடித்து ஆட்டின. 1969-ல் அமெரிக்கா போனார். அதே ஆண்டில் ஜாஸ் உலகின் சக்கரவர்த்தியான மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971-ல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்று சொந்தக் குழுவையே அமைத்தார். மின்சாரக் கிடாரும் டிரம்ஸும் இடியாய் முழங்கும் குழு அது. புகழ் வந்து குவிந்தது.

இனி என்ன வேண்டும்? இருந்ததை வைத்தே ஆயுளை ஓட்டியிருக்கலாம். அவரோ அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் கற்பித்த நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணாக்கராகப் போய் உட்கார்ந்தார். கற்றுக்கொண்டது கிடார் அல்ல, வீணை!

இதை நான் மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஓர் இரவு, திண்ணையில். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அப்பா தூங்குவதாகவே நினைத்தேன்.

"ராமநாதனிடமா?" என்று குரல் வந்தது. "நம் ராமநாதனிடமா வீணை கற்றுக்கொண்டான் அந்த வெள்ளைக்காரன்?"

"ஆமாம் அப்பா. அதற்குப் பிறகு பழைய இடிமுழக்கத்தை விட்டுவிட்டு, 'சக்தி' என்று ஒரு குழுவை அமைத்தார். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் நம் விநாயக்ராம். மேடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "அந்தக் கிடாரைக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றார் பேரனிடம்.

அவர் அதை வீணையைப் போலவே மடியில் கிடத்திக்கொண்டார். ஒரு தந்தியை மீட்டி, அதைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு கமகம் பிடிக்கப் பார்த்தார். விரல் நுனி மரத்தில் தேய்ந்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே.

"இழுக்க இடமே இல்லையேடா இதில்!" என்றார்.

நான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். வீணையில் மெழுகுக் கட்டின் மேல் மெட்டுகள் உயர்ந்து நிற்கும். விரலுக்கும் மரத்துக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் முடிகிறது. கிடாரிலோ மெட்டுக்கும் மரத்துக்கும் அதிக உயர வித்தியாசம் கிடையாது. மெக்லாக்லினுக்கும் இதே தொல்லை. அதனால் ஆபிரகாம் வெக்டர் என்ற கிடார் செய்பவரைக் கொண்டு, இரண்டிரண்டு மெட்டுகளுக்கு நடுவே இருந்த மரத்தைப் பள்ளமாகக் குடைய வைத்தார். போதாததற்குக் குறுக்கே ஏழு அனுநாதத் தந்திகளையும் பூட்டிக்கொண்டார்.

அப்பா படத்தை வெகு நேரம் பார்த்தார். "கெட்டிக்காரன். கமகத்தைச் சுருக்கவில்லை, மரத்தைக் குடைந்து அதற்கு இடம் கொடுத்திருக்கிறான்" என்றார்.

பையனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "வயலின்கூட மேல்நாட்டிலிருந்து வந்ததுதானே, தாத்தா? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசிக்கவில்லையா? 2014-ல் அவர் காலமாகும் முன்பு, இதே மெக்லாக்லினோடு எத்தனையோ மேடைகளில் சேர்ந்து வாசித்திருக்கிறார்!"

"சரி சரி. இதன் விலை என்ன? உன் சிநேகிதன் சொல்லியிருப்பானே?"

பையன் என்னைப் பார்த்தான். நான் முற்றத்தைப் பார்த்தேன். இருவர் முகமும் போன போக்கில் அப்பா விஷயத்தை ஊகித்துக்கொண்டார்.

"பொய் சொல்லி வாங்கிய வாத்தியத்தில் சுருதி சேராது. முதலில் உன் அம்மாவிடம் போய்ச் சொல்" என்றார்.

அவன் உள்ளே போய்ச் சொன்னான். அக்கா அழுதாள். அவனோடு நாலு நாள் பேசவில்லை. உடந்தையாயிருந்த என்னோடு ஒரு வாரம். அதில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவன் பரீட்சை எழுத வேண்டும். டியூஷன் சொல்லிக்கொடுத்து அம்மாவின் பணத்தை அடைக்க வேண்டும். விடியற்காலையில் தாத்தாவிடம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. முரட்டுத் தந்திகளோடு பேரன் போராட, தாத்தா வீணையில் வழிகாட்டுகிறார். அவன் பரீட்சையில் தேறுவானா, கிடாரில் தேறுவானா, நான் அறியேன். எல்லோரும் மெக்லாக்லின் ஆகிவிட முடியாது என்பதை அக்கா தினமும் நினைவூட்டுகிறாள்.

அந்த மெக்லாக்லினோ கற்றுக்கொள்வதை நிறுத்தவில்லை. 2007-ல் விநாயக்ராமின் புதல்வர் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் பாடம் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு நம் சென்னையிலேயே ஓர் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். அது அடுத்த ஆண்டு வெளிவந்தது. 2024-ல் சக்தி குழுவுக்கு கிராமி பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 82.

அக்கா சொன்ன புத்திமதியை மட்டும் நான் இன்னும் பையனுக்குச் சொல்லவில்லை. ஒன்று செய்கிறேன். மாம்பலத்தில் முதுகில் கறுப்பு உறையோடு எவனாவது ஏறினால், டிக்கெட்டைப் பற்றிக் கேட்பதில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன்.