சுவரைப் பிரிந்த மேஜை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே கண்ணுக்கு விருந்து கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. செம்மண் பொட்டல், முட்புதர், இடையிடையே ஓர் ஊருணி, பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த வறண்ட சீமைக்கு ஒரு காலத்தில் இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியம் கண்ணாடியும், பர்மாத் தேக்கும் வந்து குவிந்தன என்றால் புதிதாகக் கேட்பவர் நம்பமாட்டார். குவிந்தவற்றில் ஒரு பகுதி இன்று விலைக்கும் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பார்க்கலாம்.

நான் போனது ஒரு மேஜைக்காக. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் உள்ள இடைகழியில், சுவரோரமாகப் போட ஒரு பழைய மேஜை வேண்டும் என்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. அகலம் ஒன்றேகால் அடிக்கு மேல் கூடாது. கூடினால் வருகிறவர் இடுப்பில் இடிக்கும். எனக்கு அளவு மறந்துவிடும் என்ற திட நம்பிக்கையால், ஒரு நூலில் முடிச்சுப் போட்டுப் பையில் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

அந்தத் தெருவில் நுழைந்ததும் பல வீடுகளை ஒரே சமயத்தில் கவிழ்த்துக் கொட்டியது போன்ற காட்சி. பித்தளை அண்டாக்கள், எனாமல் தூக்குகள், ரவிவர்மாவின் படங்கள், ஊஞ்சல் பலகைகள், தேக்கு மரத் தூண்கள், நிலையோடு பெயர்த்தெடுத்த கதவுகள். யாருடைய கல்யாணத்திலோ சீர்வரிசையாகப் பரப்பி வைத்து ஊரார் பார்த்து வியந்த பாத்திரங்கள், இப்போது தூசி படிந்து விலை கேட்பாரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

ஒரு கடையின் பின்கட்டில் நான் தேடிய மேஜை நின்றது. நின்றது என்பது கூடச் சரியல்ல, சுவரில் சாய்ந்திருந்தது. முன்புறம் வளைந்த இரண்டு கால்கள். பின்புறம் கால்களே இல்லை. மேலே பிறை வடிவத்தில் வெள்ளைச் சலவைக்கல்.

இவ்வகை மேஜைக்குக் 'கான்ஸோல்' என்று பெயர். சுவரிலிருந்து நீண்டு பாரத்தைத் தாங்கும் தாங்கிக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் அது. நம் கோயில் தூண்களின் மேல் உள்ள போதிகைக்கு ஒருவகையில் தூரத்து உறவு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்ஸ் தேசத்துப் பிரபுக்களின் மாளிகைகளில், இரண்டு ஜன்னல்களுக்கு இடையேயுள்ள சுவரில் உயரமான கண்ணாடியைப் பதித்து, அதன் கீழே இந்த மேஜையைப் பொருத்துவார்கள். மேஜைமேல் எரியும் மெழுகுவத்தி கண்ணாடியில் பிரதிபலித்து இரட்டிப்பு வெளிச்சம் தரும். ஆகவே மேஜை, கண்ணாடி, சுவர் மூன்றும் சேர்ந்துதான் ஒரு பொருள். தனியே எடுத்தால் அது அரை மேஜை.

வீட்டின் அதிர்ஷ்டம் மாறினால் மேஜை நாற்காலிகளின் அதிர்ஷ்டமும் மாறும் என்பதற்கு அந்தத் தேசத்திலேயே சாட்சி உண்டு. வெர்ஸேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைப் பதினான்காம் லூயி மன்னன் வெள்ளி மேஜைகளால் அலங்கரித்தான். 1689-ல் யுத்தச் செலவுக்காக அவற்றை அவனே உருக்கிவிட்டான். பிறகு புரட்சி வந்தது. 1793-ல் தொடங்கிய ஏலத்தில் அரண்மனைச் சாமான்கள் 17,000க்கும் மேற்பட்ட பகுதிகளாக விலைபோயின. இப்போது பொருட்காட்சிச் சாலையாக விளங்கும் அந்த அரண்மனை, அன்று விற்றவற்றில் கிடைத்ததைத் தேடித் தேடித் திரும்பப் பெற்று வருகிறது.

செட்டிநாட்டு வீடுகளின் கதையும் யுத்தத்தோடு சம்பந்தப்பட்டதே. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மாவின் அரிசி வர்த்தகம் பெருகிற்று. அங்கே விவசாயத்துக்குக் கடன் கொடுத்த நகரத்தார் பெரும் பொருள் ஈட்டினர். 1930-க்குப் பின் விலைவாசி வீழ்ந்தபோது, திருப்பிச் செலுத்த முடியாத குடியானவர்களின் நிலங்கள் ஏராளமாக அவர்கள் கைக்கு வந்தன. அது பர்மியரின் மனத்தில் ஆறாத புண் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரமடைந்து, நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் செய்தது. வரவு நின்றது, வீடுகள் மட்டும் நின்றன.

அவையோ சாதாரண வீடுகள் அல்ல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடிபவை. குடும்பம் கிளைவிட, ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றப் பணம் வேண்டும். விற்பதற்கோ எல்லாருடைய சம்மதமும் வேண்டும். சில வீடுகள் விருந்தினர் விடுதிகளாகிப் பிழைத்தன. சில பிரிக்கப்பட்டு இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

"நூற்றைம்பது வருஷத்துச் சாமான் ஐயா!" என்றார் கடைக்காரர்.

வயதைச் சொல்வதில் கடைக்காரரைவிட மரம் நம்பத் தகுந்தது. மேஜையைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டும். கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் சீரற்றும் இருக்கும். வட்ட வாள் இயந்திரத்தில் அறுத்ததில் பிறைபிறையாக வளைந்திருக்கும். கையால் இழைத்த இடத்தைத் தடவினால் மெல்லிய மேடுபள்ளம் விரலில் தட்டுப்படும். இழுப்பறை உண்டானால் அதன் மூலைப் பொருத்துக்களைக் கவனிக்கலாம்: எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம், சற்றே வேறுபட்டால் தச்சர் கை.

இந்த மேஜையின் அடியில் வளைகோடுகள் தெரிந்தன. கோடுகளைக் காட்டியதும் கடைக்காரர் சிரித்து, ஐம்பது வருஷத்தைத் தாமே குறைத்துக்கொண்டார். விலை குறையவில்லை! மேலே பூசியிருந்த மெருகுக்குப் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர். ஆனால் அதற்கு ஆதாரமான அரக்கு நம் நாட்டுக் காடுகளில் விளைவது. உருவம் பிரான்ஸ், மரம் பர்மா, மெருகு இந்தியா. பின்புறம் மெருகேற்றப்படவில்லை, சுவர் மறைக்கும் இடத்துக்கு எதற்கு மெருகு? அந்தக் கரட்டு மரத்தில் உளியால் ஓர் எழுத்து வெட்டியிருந்தது: தமிழ் எண் மூன்று.

"இதற்கு மேலே ஒரு கண்ணாடி இருந்திருக்குமே?" என்றேன்.

"இருந்தது ஐயா. வீட்டைப் பிரிச்சப்போ மொத்தமா எடுத்தோம். கண்ணாடி அப்பவே போயிடுச்சு. எங்கே போச்சோ!"

மூன்று என்றால், ஒன்றும் இரண்டும் வேறு சுவர்களில் நின்றிருக்கவேண்டும். எந்த மேஜை எந்தக் கண்ணாடிக்கு என்று மாறிவிடாமலிருக்கத்தான் தச்சர் எண் வெட்டியிருப்பார். அவர் அவ்வளவு கவனமாகச் சேர்த்ததை நாம் ஒரு பகலில் பிரித்துவிட்டோம். தெருவில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கினேன். கண்ணாடிகள் இருந்தன, மூன்றாம் எண் இல்லை.

இத்தகைய சாமானை வாங்குவது சரிதானா என்ற கேள்வி அப்போது எழுந்தது. வாங்க ஆள் இருப்பதால்தான் வீடுகள் பிரிகின்றன என்பார் சிலர். வாங்காவிட்டால் விறகாகும் என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. எனக்குத் தோன்றிய வழி ஒன்றே: வாங்குகிறவர் பொருளை மட்டும் வாங்காமல் அதன் ஊரையும் கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரரிடம் கேட்டேன். வீட்டார் பெயர் அவருக்கு நினைவில்லை. ஊர்ப் பெயரும் பிரித்த வருஷமும் சொன்னார். குறித்துக்கொண்டேன். பிறகு முடிச்சு நூலை எடுத்து அளந்தேன். சரியாக இருந்தது.

வீட்டில் இப்படிப்பட்ட மேஜையை வைப்போருக்கு இரண்டொரு வார்த்தை. பின்கால் இல்லாததைச் சுவரோடு உறுதியாக முடுக்கவேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது அவசியம். வெயில் படலாகாது. ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த துணி போதும். புதுப் பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் பழைய மெருகைச் சுரண்டவேண்டாம். மேலே ஒரு பூக் கிண்ணம் போதும். சாவி, கடிதம், மருந்துப் புட்டி எல்லாவற்றுக்கும் அதைச் சத்திரமாக்கவேண்டாம்.

எங்கள் மேஜைக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கிறது. வேறு கண்ணாடி மாட்ட மனம் வரவில்லை. ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் எண் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி மேஜையின் அடியில் ஒட்டியிருக்கிறோம். அந்த ஊர்ப் பெயரை இங்கே குறிப்பிடாதது அவ்வீட்டாரின் மனத்தை உத்தேசித்தே. அவர்களில் யாரேனும் என்றைக்காவது எங்கள் இடைகழியில் வந்து நின்றால், குனிந்து படித்துக்கொள்ளலாம்.