தானே திறக்கும் கதவு



விடுமுறைக்கு ஊர் போகிற நம்மில் பலர் வீட்டில் பேசாமல் மூடிவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

என் சித்தப்பா டில்லியில் 30 ஆண்டுகளாக வேலை பார்ப்பவர், குடிப்பவர். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிழையின்றிச் சொல்வார், குடித்திருக்கும்போதும் சொல்வார். அவருக்கு அறிவுரை பஞ்சமில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், திருமணத்துக்கு என்று பொய் சொல்லி உறவினர் அவரை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தனர். பூட்டிய கதவுக்குள் 90 நாள் இருந்தார். வெளியே வந்த நான்காம் நாள் குடித்தார். குடி போகவில்லை, எங்கள்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று.

சென்ற ஆண்டு சித்தி என்னை அழைத்தார். "தம்பி, நீ படித்த பிள்ளை. எப்படியாவது அவரை அந்தக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடு" என்றார்.

அவர் சொன்னது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது. இருவரும் குடியால் கெட்டு, ஒருவரோடொருவர் பேசி மீண்டவர்கள். அங்கே கட்டணம் இல்லை. வெளியார் நன்கொடையும் ஏற்பதில்லை. உறுப்பினராக வேண்டிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்தும் விருப்பம்.

"சித்தி, இழுத்துக்கொண்டு போனால் அந்த ஒரு தகுதியும் இல்லாதவராக அல்லவா அவரை உட்கார வைக்கிறோம்?" என்றேன்.

இன்னொரு தடையும் இருந்தது. சித்தப்பா கடவுள் மறுப்பாளர். அச்சங்கத்தின் பன்னிரண்டு படிகளிலோ இறைவன் பெயர் வருகிறது. இப்படிகளைத் தழுவிய திட்டத்தில் சேர்ந்தால்தான் குடும்பத்தாரோடு தங்கும் சலுகை உண்டு என்று ஒரு கைதிக்கு விதித்த நிபந்தனை செல்லாது என, நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. கைதிக்குள்ள உரிமை சித்தப்பாவுக்கு இல்லையா?

அறிவியல் மாணவனாகிய எனக்கு ஓர் ஐயமும் எழுந்தது. விரும்பி வருபவரே வருகிறார் என்றால், குணம் தருவது கூட்டமா, விருப்பமா? 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் மதிப்பாய்வு 2020-இல் வெளிவந்தது. கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டும் சிகிச்சை, குடியைத் தொடர்ந்து விலக்குவதில் பிற சிகிச்சைகளைவிட மேலான பயன் தந்தது என்கிறது அது. சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களைப் பிரித்த ஆய்வுகளிலும் இதைக் கண்டனர். ஆகவே கூட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கே நடந்தது ஊக்குவித்தல். இழுத்துச் செல்லுதல் அன்று.

ஆகவே கூட்டத்தின் முகவரியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சித்தப்பாவிடம் தந்தேன். "வெளியாரும் வரக்கூடிய கூட்டம், சித்தப்பா. விரும்பினால் நானும் வருகிறேன்" என்றேன். ஐந்து வாரம் அந்தத் தாள் அவர் சட்டைப்பையில் கிடந்தது. ஆறாம் வாரம், "கடவுள் பேச்சு எடுத்தால் எழுந்துவிடுவேன்" என்று சொல்லிப் புறப்பட்டார். பேச்சு எழுந்தது, அவரும் எழுந்து வெளியே போனார். எவரும் தடுக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுத் தாமே திரும்பி வந்து அமர்ந்தார்.

இடையில் ஒருமுறை குடித்தார். மறுவாரம் அங்கேயே போய் அதைச் சொன்னார். வென்றுவிட்டார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பூட்டிய இல்லத்திலிருந்து வெளியேற நாளெண்ணியவர், திறந்த கதவு வழியே திரும்பி வந்தார் என்பதை மட்டும் கண்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருந்தால், முதலில் மருத்துவரைக் காணச் சொல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. பிறகு முகவரியைக் கொடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கேட்டால் உடன் செல்லுங்கள்.