மூன்றெழுத்துச் சொல்

வின்னிபெக்



இங்கே அறுவடைக் காலம். போன சனிக்கிழமை ஊருக்குத் தெற்கே ஒரு வயலுக்குப் போயிருந்தேன். அக்கம்பக்கத்து விவசாயிகள் அவரவர் அறுவடை இயந்திரத்தை ஓட்டிவந்து, ஒரே வயலில் வரிசையாக இறங்கியிருந்தார்கள். அந்தக் கோதுமை விற்ற பணத்தில் அவர்கள் ஒரு காசும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தனையும் கனடியன் ஃபுட்கிரெய்ன்ஸ் பேங்குக்கு, அங்கிருந்து பல நாடுகளில் பசித்துக் கிடப்பவர்களுக்கு.

1983-ல் தொடங்கிய இந்த அமைப்பை 15 கிறிஸ்தவ சபை அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன. மக்கள் ஒரு டாலர் கொடுத்தால் கனடா அரசு நான்கு டாலர் சேர்க்கிறது, ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் வரை. அதில் என் வரிப்பணமும் உண்டு. திருநீறு பூசுகிறவன் நான்; சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். வெகுநாள் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது ஒப்புகிறது. சாமி எது என்று கேட்காமல் தேவையைப் பார்த்துக் கொடுப்பது அவர்கள் விதி. அந்த வயலில் நின்ற மெனோனைட் சபைக் கிறிஸ்தவர்களுக்குப் பசி குடும்பக் கதை. 1920-களின் தொடக்கத்தில் உக்ரைன் பஞ்சத்தில் அவர்கள் இனத்தார் பட்டினி கிடந்தபோது, வட அமெரிக்காவிலிருந்த உறவுகள் அனுப்பிய உணவு பலரைக் காப்பாற்றியது. அந்த நினைவுள்ளவர்கள் கையில் என் பணம் போகட்டும்.

எனக்குப் பயம் அரசை நினைத்துத்தான். கைரோஸ் என்று இங்கே ஒரு சபைக் கூட்டமைப்பு இருக்கிறது. மனித உரிமைக்காக உரக்கப் பேசுவார்கள்; ஆட்சியாளர்களுக்குக் கசப்பதையும் பேசுவார்கள். அவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 70 லட்சம் டாலர் தரலாம் என்று 2009-ல் அதிகாரிகள் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார்கள். அதன்பின் அந்தத் தாளில் யாரோ கையால் ஒரு சொல்லைச் செருகினார்கள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, ஒப்புதல் மறுப்பாகிவிட்டது. செருகியது யாரென்று தெரியாது என்று முதலில் சொன்ன அமைச்சர் பெவ் ஓடா, தான் சொல்லித்தான் நடந்தது என்று 2011 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

பொதுப்பணம் சபைகளுக்குப் போகலாம் என்கிற நான் இதையும் கேட்கிறேன்: மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள், எல்லோரும் படிக்கும்படி. காங்கோவில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நின்றவர்களும் அந்தப் பணத்தை நம்பியிருந்தார்கள்.