பனிக்காலத்தில் நாங்கள் இருவர்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் நம் நாட்டுக்குத் தனியொரு அழகு வந்துவிடுகிறது. ஆறுகளில் நீர் ஓடுகிறது. வயல்களில் கதிர் முற்றுகிறது. நண்பகல் வெயிலும் முகத்தைச் சுடுவதில்லை. நடப்பதற்கும், ஓரிடத்தில் அமர்ந்து பேசுவதற்கும் ஏற்ற நாட்கள் ஆண்டில் இந்த எட்டுப் பத்து வாரங்களே. எனினும் நம் குடும்பங்கள் பயணம் புறப்படுவது பெரும்பாலும் சித்திரை, வைகாசி வெயிலில்தான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது.

கணவனும் மனைவியும் மட்டும் பயணம் போவது என்பதோ அதனினும் அரிது. மணமான புதிதில் ஒருமுறை போயிருப்பார்கள். அதன்பின் திருத்தலத்துக்குச் சென்றாலும், திருமணத்துக்குச் சென்றாலும், துக்கத்துக்குச் சென்றாலும் பத்துப் பேர் உடன் இருப்பார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இருவர், இரண்டு நாட்கள் சேர்ந்தாற்போல் தனித்திருந்து பேசியதில்லை என்றால், அதைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

நாங்கள் திருச்சிராப்பள்ளியில் வாழ்கிறோம். பிள்ளைகள் மூவரும் மணமாகியும் வேலை தேடியும் வெளியூர் சென்றுவிட்டனர். இல்லத்தில் எங்களுடன் இருந்தவர் எங்கள் அம்மா. 2013-இல் அவரை மறதி நோய் பற்றியது. முதலில் நாட்களை மறந்தார். பிறகு வீட்டின் அறைகளை மறந்தார். பிறகு எங்கள் முகங்களையும் மறந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் எழுந்து வாசலை நோக்கி நடப்பவரைத் திருப்பி அழைத்து வருவது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் எங்களுள் இல்லத்தலைவியின் கடமையாகவே அமைந்தன. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மருந்து, பால், மின்கட்டணம் என்ற அளவில் நின்றுவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை.

இதைக் கண்டுகொண்டவர் லால்குடியில் வாழும் எங்கள் தங்கை. 2017 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து வந்தவர், "அண்ணி, இன்று மாலைவரை அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் அண்ணனும் எங்காவது போய்வாருங்கள்" என்றார். எங்கே போவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. இறுதியில் முக்கொம்புப் பேருந்தில் ஏறினோம்.

முக்கொம்பு நகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம் என்ற பெயர் பெறுகிறது. கொள்ளிடம் தாழ்வான படுகையாதலால், நீர் முழுவதும் அதன் வழியே ஓடிவிட, தஞ்சை வயல்கள் வறண்டன. இதைத் தடுக்க 1836-க்கும் 1838-க்கும் இடையில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். நாங்கள் பார்த்தது அந்தப் பழைய அணையைத்தான். 2018 ஆகஸ்டு 22 அன்று இரவு வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அதன் அருகே புதிய கதவணை எழுந்தது.

மேட்டூர் அணையைச் சூன் 12-இல் திறந்து, சனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆகவே மார்கழியில் முக்கொம்பில் நீர் இருக்கும். அவித்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டு கரையில் அமர்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் அம்மாவைப் பற்றியே பேசினோம். பேசிப் பேசி அது தீர்ந்தபின், மணமான ஆண்டில் இதே இடத்துக்கு வந்ததும், செருப்பு அறுந்து வெறுங்காலோடு திரும்பியதும் நினைவுக்கு வந்தன. பேருந்துக் கட்டணமும் இரண்டு தேநீரும்தான் அன்றைய செலவு. அதன்பின் ஒரு ஞாயிறு கல்லணைக்கும் சென்றோம்.

இந்தச் சிறு உலாக்கள் தந்த துணிவில், 2018 சனவரியில், மூவரசர் பெருவிழா முடிந்த வாரத்தில், மூன்று இரவுகள் வெளியூரில் தங்குவதென்று முடிவு செய்தோம். தங்கை அம்மாவுடன் இருக்க வந்துவிட்டார். உறவினர் சிலர், "இந்த வயதில் என்ன ஊர் சுற்றல்? நோயாளியை விட்டுவிட்டா?" என்று கேட்டனர். அச்சொல் எங்களைத் தைக்காமல் இல்லை.

வேளாங்கண்ணிக்கு நாங்கள் எத்தனையோ முறை வண்டி நிறைய ஆட்களுடன் சென்றிருக்கிறோம். மன்றாடிவிட்டு, மொட்டை போட்டுவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அதற்குத் தெற்கே சாலை தொடர்கிறது என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. இம்முறை அன்னையின் திருமுன் சற்று நேரம் இருந்துவிட்டு, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோடியக்கரையை நோக்கிச் சென்றோம். வழியில் வேதாரணியத்தில் தங்கினோம். சாலையின் இருபுறமும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தன.

எங்கள் ஊருக்கும் இவ்வுப்பளங்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று இராசாசி தம் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்டார். ஏறத்தாழ 150 மைல் நடந்து 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தார். 30-ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளிச் சிறை சென்றார். அங்கு நிற்கும் நினைவுத் தூணின் அருகில் நாங்களும் சற்று நின்றோம். அவர்கள் கடும் வெயிலில் பதினைந்து நாள் நடந்த வழியை நாங்கள் ஒரு பகலில் பேருந்தில் கடந்திருந்தோம்.

கோடியக்கரை, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் அங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. புல்வெளியில் முறுக்கிய கொம்புகளுடன் கருநிற ஆண் மான்களும், பழுப்பு நிறப் பெண் மான்களும் மேய்ந்துகொண்டிருந்தன. பாலை மரங்கள் அடர்ந்த காடு, உரிமையாளர் இல்லாமல் திரியும் மட்டக் குதிரைகள், அப்பால் சதுப்பு நிலம் எனக் காட்சி நொடிக்கு நொடி மாறியது. பனிக்காலத்தில் வடநாடுகளிலிருந்தும் கடல் கடந்தும் பறவைகள் இங்கே வருகின்றன. பூநாரைகளை அப்போதுதான் முதன்முறை கண்டோம். தொலைவில் உப்பு நீரின் மேல் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அது அசைந்தபோதுதான் பறவைக் கூட்டம் என்று விளங்கிற்று.

பூநாரை ஒரு பருவத்தில் ஒரே முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அதை அடைகாக்கும். குஞ்சு சற்று வளர்ந்ததும், மற்றக் குஞ்சுகளோடு ஒரு கூட்டமாக நிற்கும். சில பெரிய பறவைகள் அக்கூட்டத்தைக் காவல் காக்க, தாயும் தந்தையும் இரை தேடிச் சென்று திரும்பும். இதைக் கேட்ட எங்கள் இல்லத்தலைவி, "நம் தங்கை நிற்பது போல" என்றார்.

அன்றிரவு அவர் பத்து மணி நேரம் உறங்கினார். ஐந்து ஆண்டுகளில் அவர் இடையில் எழாமல் உறங்கிய முதல் இரவு அது. விடிந்தபின் கடற்கரையில் நடந்துகொண்டே, "அத்தை என்னை யாரென்று கேட்கும்போதெல்லாம் அழுகை வருகிறது; உங்களிடம் சொன்னால் உங்களுக்கும் வருத்தம் என்று சொல்லவில்லை" என்றார். ஒரே வீட்டில் இருந்தும் அதுவரை அறிந்திராத துயரம் அது. அதற்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, சேர்ந்து நடந்தோம். திரும்பி வந்தபின், இரவில் அம்மாவைப் பார்க்கும் முறையை நாள் மாற்றி நாள் பகிர்ந்துகொண்டோம்.

அவ்வாண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையில் கரை கடந்தது. நாங்கள் நடந்த காட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்தன என்று படித்தபோது, நம் ஊரே பாழானது போல் வருந்தினோம். ஓர் இடத்தைப் பார்த்து வந்தபின் அது வெறும் செய்தியாக இருப்பதில்லை.

2019 சனவரியில் கொடைக்கானலுக்குச் சென்றோம். கஜா அம்மலையையும் விட்டுவைக்கவில்லை. வழியெங்கும் சாய்ந்த மரங்களைக் கண்டோம். 1845-இல், மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்ப அங்கே இரண்டு வீடுகள் கட்டியதிலிருந்து, கொடைக்கானல் கோடைக்கு உரிய ஊராகவே கருதப்பட்டு வருகிறது. ஆயினும் தை மாதத்தில்தான் அங்கே வானம் தெளிவாக இருக்கிறது. 1863-இல் லெவிஞ்சு துரை அமைத்த ஏரியைச் சுற்றி, காலையில் கூட்டமில்லாமல் நடக்கலாம். தாழ்வான புல்வெளிகளில் உறைபனி உப்புத் தூவியது போல் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்து முடிந்திருந்தது. காய்ந்த செடிகளையே கண்டோம்.

அங்கே எங்களை மிகவும் கவர்ந்தது, 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடம். 1876 முதல் 1878 வரை நம் மக்களை மாய்த்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அதன் பயனாக 1899-இல் இங்கே பணி தொடங்கிற்று. 1907-இல் சான் எவர்செட்டு என்ற அறிஞர், மணமான மறு ஆண்டே தம் மனைவி மேரியுடன் இங்கு வந்து சேர்ந்தார். 1909 சனவரியில், இதே பனிக்காலத் தெளிந்த வானில், சூரியப் புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அவர் கண்டறிந்தார். மேரி அம்மையாரும் வானியலில் தேர்ந்தவர். சூரியனிலிருந்து எழும் சுடர்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917-இல் வெளிவந்தது. பிறந்த நாட்டையும் சுற்றத்தையும் விட்டு வந்து, ஒரு மலைமேல் ஒரே பொருளை இருவரும் சேர்ந்து நோக்கிய அத்தம்பதியரைப் பற்றி அன்று மாலை நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு தங்கையிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல், மருத்துவர் வந்து ஊசி போட்டிருக்கிறார். உறவினர் கேட்ட கேள்வி இருளில் மீண்டும் ஒலித்தது. இரவில் மலையிறங்க வண்டி கிடைக்கவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உறங்காமல் இருந்தோம். விடியுமுன் பையைக் கட்டி, உறைபனி படிந்த சாலையில் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். அங்கே மீண்டும் தொலைபேசி மணி ஒலித்தது.

"அண்ணி, காய்ச்சல் இறங்கிவிட்டது" என்றார் தங்கை. பிறகு அவர் குரல் தழுதழுத்தது. "இரவு முழுவதும் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் அம்மா கண் விழித்து, என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். எத்தனை ஆண்டுகளாயிற்று! நீங்கள் அவசரப்பட்டு வராதீர்கள். இந்த இரண்டு நாட்களும் எனக்கு இருக்கட்டும்."

நாங்கள் பேருந்து நிலையத்தில் தேநீர் அருந்திவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தோம். சொன்ன நாள்வரை தங்கியே ஊர் திரும்பினோம்.

அந்தப் பேருந்து நிலையத்தில் எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. நாங்கள் இல்லாத நாட்களில் வீடு வெறுமையாக இருக்கவில்லை. எங்கள் இடத்தில் ஒரு மகள் தன் தாயுடன் தனித்திருந்தாள். அதுவரை அவர் விருந்தாளியாக வந்து, அரைமணி நேரம் அமர்ந்து, பழம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கடமை முழுவதையும் நாமே சுமப்பது அன்புதான். ஆயினும் அன்பு செய்ய விரும்பும் மற்றவர்களுக்கு அதில் ஒரு பங்கு கொடுப்பதும் அன்பே. அதற்குச் சில வேளைகளில் நாம் சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது.

அம்மா 2021-இல் இறைவனடி சேர்ந்தார். இறுதிவரை எங்கள் பெயர்கள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த ஒரு விடியற்காலையைப் பற்றித் தங்கை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது சிறிதே. தொலைவும் செலவும் பெரிதல்ல; ஒரு ஞாயிறு பிற்பகலிலிருந்து தொடங்கலாம். கோடியக்கரைக்குச் செல்வோர், பறவைகளைக் காண விடியற்காலையில் செல்லுதல் நன்று. கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் செல்வோருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துள்ளது. பேருந்தில் செல்வோருக்கு அத்தொல்லை இல்லை. கம்பளி ஆடை மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் நோயாளி இருந்தால், பொறுப்பேற்போரிடம் மருந்து நேரங்களையும் மருத்துவர் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

இப்போது தங்கையின் வீட்டில் அவருடைய மாமியார் படுக்கையில் இருக்கிறார். வரும் தை மாதத்தில் தங்கையும் அவர் கணவரும் நான்கு நாட்கள் பூநாரைகளைப் பார்க்கப் போகிறார்கள். அந்த நாட்களில் நாங்கள் லால்குடியில் இருப்போம்.